ஜெர்மனியில் வங்கி, வரி, கல்விக் கடன் சுமை: படிக்கப் போகும் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி: கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் முடித்திருக்கிறேன். அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுகலை சேர்கிறேன். அப்பா கல்விக் கடன் எடுத்து அனுப்புகிறார். அங்கே வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குவது? இங்கே இருக்கும் கணக்கை என்ன செய்வது? வேலைக்குப் போனால் வரி உண்டா? கடனை எப்போது அடைப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்:

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொருவரும் தாம் போன ஆண்டின் விதியைச் சொல்கிறார்கள். விதிகளோ கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நிறையவே மாறிவிட்டன. பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் பார்த்தவரையில் நம் பிள்ளைகள் கையில் பணம் இல்லாமல் சிக்கலில் மாட்டுவது குறைவு. பணம் எங்கிருந்து வந்தது, யாருக்கு, எதற்காகப் போனது என்று வங்கியோ வரி அலுவலகமோ அயல்நாட்டவர் அலுவலகமோ கேட்கும்போது காட்ட ஒரு தாள் இல்லாமல் மாட்டுகிறவர்களே அதிகம். கீழே நான் சொல்லும் பெரும்பாலான யோசனைகளுக்கு இதுதான் அடிப்படை.

முதலில் முடக்கக் கணக்கு. ஷ்பெர்கோன்டோ என்பார்கள். மாணவர் விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவுத் தொகையை முன்கூட்டியே காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. நீங்கள் வந்த பிறகு மாதம் 992 யூரோவாக உங்கள் சாதாரணக் கணக்குக்கு வரும். விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத்தின் இணையதளத்தில் இந்தத் தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. இந்திய வங்கி அனுப்பும் பணம் நடுவில் ஒரு வங்கியைத் தொட்டுப் போகிறது. அந்த வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்து இருபது யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தாலும், முழுப் பணமும் முடக்கக் கணக்கில் இருக்கிறது என்ற சான்றிதழ் வராது, விசா தேதி தள்ளிப்போகும். ஆகவே எல்லாக் கட்டணத்தையும் அனுப்புகிறவரே ஏற்கும் தேர்வைப் படிவத்தில் குறியுங்கள். சற்றுக் கூடுதலாகவே அனுப்புங்கள். நோக்கம் என்ற இடத்தில் 'வெளிநாட்டுக் கல்வி' என்றே இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் தாராளமாக்கப்பட்ட அனுப்பல் திட்டத்தின் கீழ் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் உச்சவரம்பு உங்களுக்குத் தடையில்லை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் வங்கி மூலத்தில் வரி வசூலிக்கும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போகும் தொகைக்கு அதுவும் இல்லை. அப்படியே பிடித்தாலும் அது அப்பாவின் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம். அந்த ரசீதை அவர் தொலைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

இந்தப் பணம் விமானத்தை விட்டு இறங்கிய அன்றே கைக்கு வராது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வீட்டு முகவரியைப் பதிவு செய்து, சாதாரணக் கணக்கு தொடங்கி, அதன் எண்ணை முடக்கக் கணக்கு நிறுவனத்துக்குக் கொடுத்த பிறகுதான் முதல் 992 வரும். அதற்குள் வாடகை, முன்வைப்புத் தொகை, பல்கலைக்கழகத்தின் பருவக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் வாசலில் நிற்கும். ஆறு வாரம் தாக்குப்பிடிக்கும் அளவுக்குத் தனியாகப் பணம் வேண்டும். கொஞ்சம் ரொக்கமாக, மிச்சம் வெளிநாட்டுச் செலவு அட்டையில். அந்த அட்டையையோ இந்திய அட்டையையோ தேய்க்கும்போது இயந்திரம் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதத்தில் பணம் போகும். அது உங்களுக்குச் சாதகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வந்த பிறகு எல்லாவற்றுக்கும் சாவி நகர்ப்பதிவு, அதாவது ஆன்மெல்டுங். வீட்டுக்காரர் தரும் உறுதிக் கடிதத்துடன் நகராட்சி அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்தால் இரண்டு மூன்று வாரத்தில் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். தபாலில் என்பதைக் கவனியுங்கள். இங்கே வங்கி அட்டை, இரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாமே பெரும்பாலும் கடிதமாகத்தான் வருகின்றன. தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்படவில்லையானால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பகிர்ந்த வீட்டில் ஓர் அறை எடுத்தாலும் முதல் நாளே பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்.

வங்கி எது என்று கேட்பீர்கள். ஊருக்கு ஊர் இருக்கும் ஷ்பார்காசே சேமிப்பு வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், தனியார் வங்கிகள், கைப்பேசியில் மட்டும் இயங்கும் வங்கிகள் என்று நான்கு வகை. மாணவர்களுக்குப் பல இடங்களில் மாதக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். கிளை உள்ள வங்கி ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்வது என் பரிந்துரை. ஏதாவது தவறினால் ஒரு மனிதரிடம் போய் உட்கார்ந்து பேசலாம். கைப்பேசி வங்கிகளில் கணக்கு விரைவாகத் தொடங்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அது உண்மையில் வங்கி உரிமம் பெற்றதா, இல்லை மின்பண நிறுவனமா என்பது. வங்கியானால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 யூரோ வரை சட்டப்படியான வைப்புக் காப்பீடு உண்டு. மின்பண நிறுவனத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. இரண்டு, கணக்கு எண் எந்த நாட்டுடையது என்பது. ஐபான் என்பது பன்னாட்டு முறையில் எழுதிய அந்தக் கணக்கு எண்; ஜெர்மன் ஐபான் டிஇ என்று தொடங்கி 22 குறிகள் கொண்டது. வேறு ஐரோப்பிய நாட்டு ஐபானை மறுப்பது ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி தவறு. ஆனாலும் சில நிறுவனங்கள் மறுக்கின்றன. புதிதாக வந்த நேரத்தில் அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம்.

'வெளிநாட்டவருக்குக் கணக்கு தரமாட்டோம்' என்று ஒரு வங்கி சொன்னால் தலை குனிந்து வெளியே வராதீர்கள். 2016 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும் கூட, அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; பாஃபின் என்னும் நிதிக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே பல கிளைகளில் பேச்சின் தொனி மாறிவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி, நம்மைத் தனியாகப் பாதிக்கும் ஒன்று: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. அப்பா பெயர் முதலெழுத்தாக நிற்கும். கடவுச்சீட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் இடமே காலி. சிலருக்கு அப்பா பெயர் அங்கே. சிலருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே வரியில். ஜெர்மன் படிவமோ இரண்டு கட்டமும் நிரம்பாமல் நகராது. விளைவாக, நகர்ப்பதிவில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகத்தில் இன்னொரு மாதிரி என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். முன்பு இதை ஓரளவு சமாளிக்க முடிந்தது. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் பணம் அனுப்பும்முன் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, பொருந்தாவிட்டால் அனுப்புகிறவரை எச்சரிக்க வேண்டும். உங்கள் சம்பளத்தையோ முன்வைப்புத் தொகையையோ அனுப்ப வேண்டியவர் திரையில் 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்தால் அவர் நிறுத்திவிடுவார், அது அவர் தவறும் இல்லை. ஆகவே புறப்படுவதற்கு முன், நேரம் இருந்தால், கடவுச்சீட்டில் பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்து, பட்டச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி செய்துகொள்ளுங்கள். நேரம் இல்லையென்றால், நகர்ப்பதிவுச் சான்றில் எப்படி எழுதினார்களோ அதையே ஓர் எழுத்து மாறாமல் வங்கி, காப்பீடு, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். முதலெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் இன்னோரிடத்தில் சுருக்கியும் எழுதும் நம் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அன்றாடக் கொடுக்கல் வாங்கல் எளிதுதான். வாடகைக்கு நிலையாணை ஒன்று போட்டுவிட்டால் மாதாமாதம் தானே போகும். மின்சாரம், கைப்பேசி, காப்பீட்டுக்கு லாஸ்ட்ஷ்ரிஃப்ட் என்னும் நேர்ப்பற்று முறை: நீங்கள் அனுமதி கொடுத்தால் அவர்களே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். எடுத்த தொகையை 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். நீங்கள் அனுமதியே கொடுக்காமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை அவகாசம். வங்கிச் செயலியில் ஒரு பொத்தான்தான். நீங்களாக அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதிலும் உடனடிப் பரிமாற்றம் பத்து விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். அட்டை எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைக்காதீர்கள். ஜெர்மன் மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி கூட, நேரடிக் கொடுக்கல்களில் பாதிக்குச் சற்று அதிகமானவை ரொக்கம். பையில் ஐம்பது யூரோ எப்போதும் இருக்கட்டும். அதை உங்கள் வங்கிக் குழுமத்தின் இயந்திரத்திலோ, பேரங்காடியில் பொருள் வாங்கும்போது கல்லாவிலோ எடுத்தால் கட்டணம் இல்லை. கண்ணில் பட்ட ஏதோ ஓர் இயந்திரத்தில் எடுத்தால் ஐந்து யூரோ அளவுக்குப் போகும்.

'இலவசக் கடன் அட்டை' என்ற விளம்பரங்களில் ஒன்றை மட்டும் பாருங்கள். சில அட்டைகளில் மாத இறுதியில் முழுத் தொகையும் தானாகக் கழியாது. சிறு பகுதி மட்டும் கட்டினால் போதும் என்று வைத்து, மிச்சத்துக்குக் கடும் வட்டி போடுவார்கள். முழுத் தொகையும் நேர்ப்பற்றில் கழியும் அட்டையானால் சரி, இல்லையென்றால் வேண்டாம்.

கடிதத்தைத் திறக்காமல் மேசையில் அடுக்கிவைப்பதுதான் இங்கே மிகவும் செலவு பிடிக்கும் பழக்கம். மொழி புரியவில்லை என்று ஒதுக்கிவைத்த கடிதம் முதலில் நினைவூட்டலாகி, பிறகு வசூல் நிறுவனத்தின் கையில் போய், கடைசியில் ஷூஃபாவில் பதிவாகிறது. ஷூஃபா 1927இல் தொடங்கிய, வீஸ்பாடன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கடன்தகுதி நிறுவனம். வீடு வாடகைக்கு எடுக்கும்போதும் கைப்பேசி ஒப்பந்தம் போடும்போதும் அதன் பதிவைப் பார்க்கிறார்கள். புதிதாக வந்தவருக்குப் பதிவே இருக்காது, அது குறையில்லை. கெட்ட பதிவுதான் ஆண்டுக்கணக்கில் துரத்தும். உங்களுக்கு நியாயமில்லாத கட்டணச் சீட்டு வந்தால் பேசாமல் இருக்காமல் 'இதை நான் மறுக்கிறேன்' என்று எழுதி அனுப்புங்கள். மறுக்கப்பட்ட தொகையை அங்கே பதிய முடியாது. மறுக்காமல், இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகும் கட்டாமல் விட்டால் பதியலாம். உங்களைப் பற்றி அங்கே என்ன இருக்கிறது என்ற தரவு நகலை இலவசமாகக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு. விலை கொடுத்து வாங்கச் சொல்லும் சான்றிதழ் பக்கம் கண்ணில் முதலில் படும். இலவசம் சற்றுத் தேடினால் கிடைக்கும்.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் அப்படி வருவதுதான். மாதம் 18.36 யூரோ, வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும். ஆனால் அது வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று இல்லை. உடன் தங்கியிருப்பவர் கட்டினால் அவருடைய கட்டணப் பதிவு எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

வீடு தேடும்போது நடக்கும் மோசடியில் ஒவ்வோர் ஆண்டும் நம் பிள்ளைகளின் பணம் போகிறது. மனம் கொதிக்கிறது. கோவையில் உட்கார்ந்துகொண்டு ஆகனில் வீடு தேடுகிறவர்தான் அவர்களுக்கு இலக்கு. வீட்டுக்காரர் 'வெளிநாட்டில் இருக்கிறேன், முன்வைப்பு அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்பார். படங்கள் அழகாக இருக்கும். வாடகை சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும். யாரேனும் ஒருவர் நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். முதல் மாதத்துக்கு மாணவர் விடுதியோ குறுகியகால அறையோ போதும். சட்டப்படி முன்வைப்பு மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதை மூன்று தவணையாகக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும். எப்போதும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

இந்தியப் பக்கத்துக்கு வருவோம். நிச்சயமில்லாத காலத்துக்கு வெளிநாடு போகிறவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் ஆகிறார். படிக்கப் போகும் மாணவருக்கும் இதுவே பொருந்தும் என்று ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரிலேயே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. எனவே இப்போது இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது இந்தியாவில் வசிக்காதவருக்கான கணக்காக, மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சொல்வார்கள். பார்க்காத வரை சரிதான். பின்னாளில் நிலம் வாங்கும்போதோ பெரிய தொகை அனுப்பும்போதோ பழைய கணக்கு தோண்டப்படும். இந்தியாவில் வரும் வட்டி, வாடகை போன்றவை என்ஆர்ஓவில் விழும். அதிலிருந்து வரி கட்டிய பிறகு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் தொடங்க முடியாது. இதையெல்லாம்விட அவசரமானது உங்கள் இந்தியக் கைப்பேசி எண். வங்கியின் ஒருமுறைக் கடவெண் அதற்குத்தான் வரும். அந்த எண் செத்துவிட்டால் கணக்குக்குள் நுழைய முடியாமல் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டியதுதான். குறைந்தபட்சக் கட்டணத்தை அப்பாவிடம் சொல்லி உரிய காலத்தில் கட்டிவரச் சொல்லுங்கள். புறப்படும் முன்பே வெளிநாட்டுச் சேவையை இயக்கி, குறுஞ்செய்தி வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது யாரும் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று. மாணவர் குழுக்களில் தினமும் ஓடும் செய்தி இது: 'எனக்கு 500 யூரோ வேண்டும், ரூபாயை உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுவிடுகிறேன்.' இரண்டு பேருக்கும் கட்டணம் மிச்சம், நல்ல விகிதம், ஐந்து நிமிட வேலை. பார்ப்பதற்கு உதவி போலத்தான் இருக்கும். இது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் புறம்பானது, ஏனெனில் உரிமம் பெற்ற வங்கியைச் சுற்றிக்கொண்டு பணம் நாடு மாறுகிறது. பெரிய அளவில் இதைச் செய்வதைத்தான் ஹவாலா என்றும், இலங்கைத் தமிழரிடையே உண்டியல் என்றும் சொல்கிறோம். அதைவிடக் கொடிய ஆபத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பணம் யாருடையது என்பது உங்களுக்குத் தெரியாது. இணைய மோசடியில் பறித்த பணத்தை இப்படித்தான் பல கணக்குகளில் புரட்டுகிறார்கள். பறிகொடுத்தவர் காவல்துறைக்குப் போனால் இந்தியாவில் உங்கள் அம்மாவின் கணக்கு முடக்கப்படும்; ஜெர்மனியில் உங்கள் கணக்கு முடக்கப்படும். 'எனக்குத் தெரியாது' என்பது இங்கே முழுப் பாதுகாப்பு இல்லை. கடும் அலட்சியத்தால் பணச்சலவைக்குத் துணைபோவதும் ஜெர்மன் சட்டத்தில் குற்றம். விசா நீட்டிப்புக்குப் போகும் மாணவர் மேல் அப்படி ஒரு வழக்கு இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'உங்கள் கணக்கில் பணம் வரும், நூறு யூரோவை வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடுங்கள்' என்ற வேலைவாய்ப்பும் இதே ரகம். ஊர்க்காரர், கல்லூரி சீனியர், கோயிலில் பழகியவர் யார் கேட்டாலும், உங்கள் கணக்கை ஒரு மணி நேரத்துக்குக் கூட இரவல் தராதீர்கள்.

சீட்டு பற்றியும் கேட்பீர்கள். இங்கேயும் நம்மவரிடையே சீட்டு பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பலர் நாணயமானவர்கள். ஆனால் ஊரில் பதிவு பெற்ற சிட்பண்டுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே எதுவும் இல்லை. எடுத்தவர் ஊர் மாறிவிட்டால் போய்க் கேட்க இடமில்லை. கடன் வாங்கிப் படிக்கிறவர் அதில் இறங்க வேண்டாம்.

வேலையும் வரியும். மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். இது 2024 மார்ச் முதல். மாதம் 603 யூரோவுக்குள் இருக்கும் சிறுவேலை ஒரு வகை. 2026 ஜனவரியிலிருந்து இந்த வரம்பு. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் நிறுவனத்தில் பணிபுரியும் மாணவர் வேலை இன்னொரு வகை. அதில் ஓய்வூதியப் பங்களிப்பாக 9.3 சதவீதம் பிடிப்பார்கள், மருத்துவக் காப்பீட்டுக்குத் தனியாகப் பிடிக்கமாட்டார்கள். அந்தக் காப்பீட்டை நீங்களே மாணவர் கட்டணத்தில் மாதம் 140 யூரோவுக்கு மேல் கட்டிக்கொண்டிருப்பீர்கள். 30 வயதைத் தாண்டினால் அந்தச் சலுகைக் கட்டணம் இல்லை. 2026இல் ஆண்டு வருமானம் 12,348 யூரோ வரை வருமான வரி கிடையாது. ஆனாலும் வரி அடையாள எண்ணைக் கொடுக்காமல் வேலைக்குச் சேர்ந்தால் நிறுவனம் சம்பளத்திலிருந்து மிக அதிகமாக வரி பிடிக்கும் ஆறாம் வரிவகுப்பில் பிடித்துவிடும். பிடித்தது போகாது, கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். கட்டாயமில்லாதவரும் நான்கு ஆண்டு வரை பின்னோக்கித் தாக்கல் செய்யலாம். எல்ஸ்டர் என்னும் அரசு இணையவழி இலவசம். முதுகலைப் படிப்புக்கு ஆகும் செலவை, வருமானம் இல்லாத ஆண்டுகளிலும் இழப்பாகப் பதிந்து, பிறகு வேலைக்குப் போகும் ஆண்டின் வருமானத்தில் கழிக்க முடியும். ஆகவே விமானச் சீட்டிலிருந்து மடிக்கணினி வரை ரசீதுகளை வைத்திருங்கள்.

நகர்ப்பதிவுப் படிவத்தில் மதம் கேட்பார்கள். கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் இதை அறிந்தே நிரப்ப வேண்டும். கத்தோலிக்கம் என்றோ இங்குள்ள சீர்திருத்தத் திருச்சபை என்றோ பதிந்தால், வருமான வரி கட்டும் நிலை வந்ததும் அந்த வரித் தொகையில் 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், திருச்சபை வரியாகச் சேரும். மனமுவந்து கொடுப்பவர் கொடுக்கலாம். தெரியாமல் கொடுக்கக் கூடாது. திருமணமானவர்களுக்கு இன்னொரு தகவல்: மனைவி அல்லது கணவர் இந்தியாவில் இருக்கும்வரை தம்பதியருக்கான சலுகை வரிவகுப்பு கிடைக்காது.

ஓய்வூதியத்துக்குப் பிடித்த பணம் என்ன ஆகும் என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். 60 மாதப் பங்களிப்பு முடிந்துவிட்டால் வயதான காலத்தில் ஓய்வூதியம் பெறும் உரிமை வந்துவிடுகிறது. இந்தியாவுக்குத் திரும்பினாலும் அது போகாது, இரு நாட்டுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. 60 மாதத்துக்குள் ஐரோப்பாவை விட்டே போய்விடுகிறவர், போய் 24 மாதம் கழித்து, தன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். நிறுவனம் கட்டிய பங்கு வராது. அதற்கு முகவர் யாரும் தேவையில்லை, படிவம் இலவசம்.

வேலை கிடைத்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் ஒரு பொறி காத்திருக்கிறது. என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்பது இந்தியாவில் மட்டும்தான். ஜெர்மனியில் வசிக்கிறவர் உலகில் எங்கு வட்டி வந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 1,000 யூரோ வரை மூலதன வருமானத்துக்கு விலக்கு; அதற்கு மேல் 25 சதவீதமும் அதன்மேல் ஒற்றுமைக் கூடுதல் வரியும். சேர்த்தால் 26.375 சதவீதம். இரு நாடுகளும் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன என்பதால், வசிப்பிட விவரத்தை வங்கியில் சரியாகக் கொடுத்திருப்பவரின் வட்டி இங்கே தெரிந்துவிடும். தவறாகக் கொடுத்திருப்பவருக்கு அதுவே இன்னொரு குற்றம். அப்பா அன்போடு உங்கள் பெயரில் போட்டுவைத்த வைப்பு நிதிகளையும் இதில் சேர்த்து எண்ணுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது 'கட்டணம் இல்லை' என்ற சொல்லை நம்பாதீர்கள். கட்டணத்தை மாற்று விகிதத்துக்குள் ஒளித்துவைப்பார்கள். அன்றைய நடுச்சந்தை விகிதத்தை இணையத்தில் பார்த்து, ஆயிரம் யூரோ அனுப்பினால் அப்பா கையில் எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரே எண்ணை மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிடுங்கள். வருமானம் இல்லாத பெற்றோரைத் தாங்குகிறவர் அந்தச் செலவின் ஒரு பகுதியை இங்கே வரியில் கழிக்கலாம். ஆனால் 2025 முதல் அந்தப் பணம் பெறுகிறவரின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பியதாக இருந்தால்தான் ஏற்பார்கள். ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பிய ரொக்கம் இனிக் கணக்கில் வராது. பத்தாயிரம் யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாக எடுத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையைக் கடந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 50,000 யூரோவுக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் பெற்றாலும் மத்திய வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும்.

முதல் சம்பளம் வந்த மாதத்தில் நம் மொழியிலேயே பேசும் காப்பீட்டு முகவர் ஒருவர் அழைப்பார். வரி மிச்சம் என்று நாற்பதாண்டு ஓய்வூதியத் திட்டத்தை விற்பார். பாசிஸ்ரென்டே என்னும் திட்டத்தில் போட்ட பணத்தை 62 வயதுக்கு முன் எடுக்கவே முடியாது, நடுவில் ஊர் திரும்பினாலும். இங்கேயே முதுமை காண்போமா என்று தெரியாதவருக்கு அது பொருந்தாது. பிறருக்கு நேரும் சேதத்துக்கான தனிநபர் பொறுப்புக் காப்பீடு ஒன்றை மட்டும் முதல் மாதமே எடுங்கள். ஆண்டுக்குச் சில பத்து யூரோதான், பெரிய இடியிலிருந்து காக்கும்.

கடைசியாக அப்பாவின் கடன். படிக்கும் காலத்தில் அசல் கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். முடிந்தால் பகுதிநேர வருமானத்திலிருந்து அந்த வட்டியையாவது மாதாமாதம் கட்டுங்கள். அப்படிக் கட்டுகிறவர்களுக்குச் சில வங்கிகள் ஒரு சதவீத வட்டிச் சலுகை தருகின்றன, கடன் கடிதத்தில் பாருங்கள். வேலை கிடைத்தபின், மூன்று மாதச் செலவுக்கான யூரோவை முதலில் இங்கே தனியாக ஒதுக்குங்கள். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும் நாட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. அது சேர்ந்தபின் பங்கு, நிதித் திட்டம் என்று எதிலும் இறங்காமல் மிச்சத்தையெல்லாம் கடனுக்கே அனுப்புங்கள். ரூபாய்க் கடனுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வட்டி கட்டிக்கொண்டு, யூரோவில் அதில் கால் பங்கு வட்டிக்குச் சேமிப்பதில் பொருளில்லை. உங்கள் என்ஆர்இ கணக்கிலிருந்து கடன் கணக்குக்கு நேராகக் கட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ரசீதை எடுத்துவையுங்கள், கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றையும் அடமானப் பத்திரத்தையும் அப்பா நேரில் போய் வாங்கிவரட்டும்.